குயிலி சவுண்ட் சர்வீஸ்

மே 24, திங்கள்

இந்தப் பக்கத்தின் தலையில் அப்பாவின் கையெழுத்து: 'வளைகாப்பு. பாக்ஸ் நாலு, குழாய் ரெண்டு, சீரியல் செட்.' அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. இது அப்பாவின் புக்கிங் டைரி. கல்யாண மண்டபத்துக்காரர் வருடா வருடம் கொடுப்பது. முழு ஊரடங்கு என்று சொன்னதும் எல்லா விசேஷங்களையும் வரிசையாக அடித்துவிட்டுப் பழைய பேப்பர்க் கட்டோடு போடப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். விசேஷம் நடக்காவிட்டால் என்ன, தேதி நடந்துகொண்டுதானே இருக்கிறது?

என் பெயர் குயிலி. மானாமதுரையில் இந்தப் பெயர் தெரியாதவர்கள் குறைவு. காரணம் நான் இல்லை. அப்பாவின் மைக் செட் கடைக்குப் பெயர் 'குயிலி சவுண்ட் சர்வீஸ்'. ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் பெயின்டில் என் பெயர் இருக்கும். காதுகுத்தோ கருமாதியோ, நான் போகாவிட்டாலும் என் பெயர் போய் வாசலில் நிற்கும். இப்போது அத்தனை பெட்டிகளும் வீட்டுக்கு வந்துவிட்டன. பாதி பக்கவாட்டுக் குடோனில், மீதி முன்னறையில். நான் படிக்கும் மேசையே ஒரு பேஸ் பாக்ஸ்தான்.

பிளஸ் டூ தேர்வு எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் தயார். இதுவரை இப்படிப் படித்ததே இல்லை. தேர்வை எழுத மட்டும் விட்டால் கிழித்துவிடுவேன்.

மே 27, வியாழன்

வீட்டில் இருப்பது ஒரே ஃபோன். அதன் ஸ்பீக்கர் நேற்றுச் செத்துவிட்டது. கடைகள் எல்லாம் அடைப்பு. ஆன்லைன் வகுப்புக்கு என்ன செய்வது என்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது அப்பா எதுவும் பேசாமல் ஒரு வயரை எடுத்து ஃபோனை ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். அவர் எப்போதும் அப்படித்தான். வீட்டில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைதான் பேசுவார். அதே மனிதர் கையில் மைக் கிடைத்தால் 'அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே' என்று அருவியாகக் கொட்டுவார்.

சின்னப் பெட்டியில் போடுவார் என்று நினைத்தேன். மொட்டை மாடியில் இருக்கும் குழாய் ஸ்பீக்கரின் வயரையும் சேர்த்துச் சொருகியிருக்கிறார். வேதியியல் ஆசிரியர் "அனைவரும் பென்சீன் வளையத்தை வரைந்துகொள்ளுங்கள்" என்றதும் தெருவே நிமிர்ந்து பார்த்தது. எதிர்வீட்டுச் செல்லத்தாய் அத்தை தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏண்டி குயிலி, என்னத்தையோ வரையச் சொல்றாகளே, கோலமா?"

அறுகோணம் என்றேன். "அம்புட்டுத்தானா" என்று போய்விட்டார்.

ஜூன் 5, சனி

தேர்வு ரத்து.

ஜூன் 6, ஞாயிறு

நேற்று ஒரு வரிக்குமேல் எழுத முடியவில்லை. அவ்வளவு கோபம். என் தோழிகள் எல்லோரும் ஃபோனில் பட்டாசு படம் அனுப்புகிறார்கள். நான் மட்டும் அழுதேன் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். படித்து வைத்திருப்பதை எல்லாம் யார் தலையில் கொட்டுவது? அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். "சாப்புடு" என்றார். அவருடைய கணக்கில் அது ஒரு நீண்ட உரை.

ஜூன் 27, ஞாயிறு

மதிப்பெண் எப்படிப் போடுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரிக்குப் பாதி. பிளஸ் ஒன்னுக்குக் கொஞ்சம். பிளஸ் டூ செய்முறைக்கும் பள்ளித் தேர்வுகளுக்கும் மீதி.

பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் சுமார். ஆனால் தமிழிலும் சமூக அறிவியலிலும் புலி. ஆக, அசோகர் மரம் நட்டதைப் பக்கம் பக்கமாக எழுதியது இன்றைக்கு என் இயற்பியல் மதிப்பெண்ணைத் தூக்கி நிறுத்தப் போகிறது. அசோகருக்கு நன்றி.

ஜூலை 19, திங்கள்

வந்துவிட்டது! மதிப்பெண்ணுக்குப் பின்னால் தசமப் புள்ளி வேறு. அம்மா அந்தப் புள்ளிக்கு வலதுபக்கம் இருப்பதையும் சேர்த்துப் படித்து, அக்கம்பக்கத்தில் நான் ஆயிரக்கணக்கில் வாங்கியதாகச் சொல்லிவிட்டாள். பொறியியலுக்குத் தாராளமாகப் போதும்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாயிற்று. சான்றிதழ்களை எல்லாம் பேஸ் பாக்ஸ்மேல் பரப்பி வைத்து ஃபோனில் படம் எடுத்தேன். நடுவில் மின்விசிறி சாதிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்டிகளுக்கு நடுவில் போட்டது. அப்பாவும் அவருடைய உதவியாளர் முத்திருள் அண்ணனும் பதினைந்து பெட்டிகளை நகர்த்தி அதை மீட்டார்கள். அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்த நாளில் முத்திருள் அண்ணனுக்குச் சுருட்டை முடி இருந்ததாம். இப்போது தலை பளிங்குமாதிரி இருக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கப் போகிறேன். ஒலியை வயருக்குள் அனுப்புவதும் வெளியே எடுப்பதும் எப்படி என்று பெட்டிகளோடு வளர்ந்தவளுக்குத் தெரியவேண்டாமா? மதுரையில் ஒரு கல்லூரி இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு. அது போதும்.

சென்னைக் கல்லூரி ஒன்றின் பக்கத்தையும் சும்மா பார்த்தேன். அங்கே எதிரொலியே இல்லாத ஓர் அறை இருக்கிறதாம். சுவரெல்லாம் முள்முள்ளாகப் பஞ்சு. உள்ளே நின்றால் நம் இதயம் துடிப்பது நமக்கே கேட்குமாம். சும்மாதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

வெகு நாளைக்குப் பிறகு ஒரு வேலை. நிச்சயதார்த்தம், கொஞ்சம் பேர்தான். நானும் போனேன். அப்பா மைக்கைப் பெண்ணின் மாமாவிடம் கொடுத்தார். அவர் அதைப் பெட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேச, 'கீ' என்று விசில் கிளம்பியது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே நின்றார்.

நான் முடியை ஒதுக்கிக்கொண்டேன். அப்பா சத்தத்தைக் குறைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த எதிரொலி இல்லாத அறையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "நீ இதோட எத்தன தடவடி சொல்லுவ?" என்றாள். ஒரு தடவைதான் சொன்னதாக எனக்கு நினைவு.

செப்டம்பர் 11, சனி

நாளை ஊரில் பெரிய தடுப்பூசி முகாம். ஆட்டோவில் குழாய் கட்டி அறிவிப்புச் செய்யும் வேலை அப்பாவுக்குக் கிடைத்திருக்கிறது. குரல் என்னுடையது. குடோனில் வைத்துப் பதிவு செய்தோம். "அன்பார்ந்த பொதுமக்களே! கைகளைக் கழுவுவோம், முகக்கவசம் அணிவோம், தடுப்பூசி போட்டுக்கொள்வோம், குடும்பத்தைக் காப்போம்!" மூன்று முறை பேசவைத்தார் அப்பா. ஒவ்வொரு தடவையும் நான் பேசி முடித்து வேறு பேச்சுக்கு வாயைத் திறப்பதற்குள் அவர் கை சுவிட்சுக்குப் போய்விடும். அது அவருடைய சட்டம். பேச்சு முடிந்தால் மைக் அணைய வேண்டும். அணைக்காமல் அரட்டை அடித்து மானம்போன பெரிய மனிதர்கள் பற்றி அவரிடம் ஒரு மூட்டை கதை இருக்கிறது. முத்திருள் அண்ணன் ஒருமுறை அணைக்க மறந்ததற்கு ஒரு வாரம் அவரிடம் அப்பா முகம்கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் முழுக்க என் குரல் ஊரைச் சுற்றியது.

"ஊருக்கே கையக் கழுவு, வாயக் கட்டுன்னு சொல்ற, தின்ன தட்டக் கழுவுனியாடி?" என்றாள் அம்மா.

செப்டம்பர் 26, ஞாயிறு

இன்றும் முகாம். முத்திருள் அண்ணன் இத்தனை நாள் டிமிக்கி கொடுத்தவர், இன்று மாட்டிக்கொண்டார். ஆட்டோவில் என் குரல் அழைக்க அழைக்க, அதே ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு ஊசி போடாமல் இருப்பது நன்றாயில்லை என்று டாக்டரம்மா பிடித்துவிட்டாராம். "கை கனக்குதுத்தா" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போனார்.

செப்டம்பர் 27, திங்கள்

கல்லூரிகளை வரிசைப்படுத்தும் வேலை ஆரம்பம். நாளை மாலைக்குள் முடித்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. மேலே இருப்பது கிடைத்தால் கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். என் தரவரிசைக்குச் சென்னையும் கிடைக்கலாம், மதுரையும் கிடைக்கலாம்.

முதலில் மதுரை. அடுத்து மதுரையிலேயே இன்னொன்று. மூன்றாவதாகச் சென்னை, சும்மா.

அப்பா எட்டிப் பார்த்தார்.

"மொதல்ல எது?"

"மதுரைப்பா."

"ஏன்?"

"மெட்ராஸ் தண்ணி எனக்கு ஒத்துக்காது."

நான் இதுவரை சென்னைக்குப் போனதே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"உன் இஷ்டம்" என்றார். வாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார்.

நல்லவேளை, அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மதுரைதான் பிடித்திருக்கிறது. ஹாஸ்டல் சோறு, ரயில், தெரியாத ஊர் எல்லாம் யாருக்கு வேண்டும்? வீட்டிலும் ஆள் வேண்டாமா? எனக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 28, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஃபோனோடு உட்கார்ந்தேன். பூட்டுவதற்கு முன் ஒரு தடவை வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் குழாய் கரகரத்தது. அப்பா குடோனில் செட்டைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். வழக்கமான 'ஹலோ, மைக் டெஸ்டிங்' வரவில்லை. அப்பாவின் வீட்டுக் குரல் வந்தது, தெரு முழுக்க.

"முத்திருளு, இங்கிட்டு வா. கதவச் சாத்து. நீ ஒண்ணும் பேசாத, நான் சொல்றத மட்டும் கேளு."

அணைக்காமல் விட்டுவிட்டார்! ஓடிப்போய்ச் சொல்ல எழுந்தேன்.

"எம்மக மதுரைய மொதல்ல போட்டுருக்கா. மெட்ராசு தண்ணி ஒத்துக்காதாம். அங்கன எதிரொலி இல்லாத ரூமு ஒண்ணு இருக்காம்ல. சோறு திங்கிறப்பச் சொல்றா, தல சீவுறப்பச் சொல்றா. அம்புட்டு ஆச வச்சிருக்கிறவ ஏன் போகமாட்டேங்கிறா? எனக்கு எடது காது போச்சுன்னு அவளுக்குத் தெரியும். தெரியுங்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

நான் எழுந்தபடியே நின்றுவிட்டேன். எதிர்வீட்டில் தையல் மிஷின் ஓசை நின்றது.

"மைக்கு விசிலடிச்சா எனக்குக் கேக்கிறதில்ல. அவ முடிய ஒதுக்குற மாதிரி கையத் தூக்குவா. நானும் பாக்காத மாதிரி சத்தத்தக் கொறச்சுக்குவேன். பதினேழு வயசுப் புள்ள, அப்பன் மானம் போயிரக் கூடாதுன்னு கூட்டத்துல என்னயவே பாத்துக்கிட்டு நிக்கிறா. அதுக்காடா நான் பெத்தேன்? விசிலடிச்சா அடிச்சுட்டுப் போகுது! விசிலடிக்காத மைக் செட்டு எந்த ஊருலடா இருக்கு?"

இருமினார். அந்த இருமலும் ஊருக்கே கேட்டது.

"பெட்டி பெட்டியா அவ பேர எழுதி வச்சது, அவளயும் இந்தப் பெட்டியோட கட்டி வைக்கிறதுக்கு இல்லடா. அவ போகட்டும். போயி அந்த ரூமுக்குள்ள நிக்கட்டும். மூஞ்சிக்கு நேராச் சொன்னா நான் அழுதுருவேன். அப்பறம் அவளும் அழுவா. அதான் உங்கிட்டச் சொல்றேன். சரி, போயி டீ வாங்கிட்டு வா."

'டக்' என்று சுவிட்ச் சத்தம். குழாய் அடங்கியது.

நான் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது. எங்கள் தெரு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை, முழு ஊரடங்கிலும்கூட.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் கூட நறுக்கவில்லை.

"காய்ச்சிக் குடிச்சா எல்லா ஊருத் தண்ணியும் ஒத்துக்கும்" என்றாள்.

சென்னையை மேலே கொண்டுவந்தேன். பூட்டிவிட்டேன்.

செப்டம்பர் 29, புதன்

தெருவில் யார் காதிலும் எதுவும் விழவில்லையாம். பால்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லையாம். செல்லத்தாய் அத்தை தானாகவே வந்து சொன்னார்.

"நான் ஒண்ணுமே கேக்கலத்தா. மிஷினு கடகடன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆமா, அந்த எதிரொலி இல்லாத ரூமுன்னாகளே, அது மெட்ராசுல எங்கிட்டு இருக்கு?"

அப்பா வழக்கம்போல. "பூட்டிட்டியா?" என்று கேட்டார். பூட்டிவிட்டேன் என்றேன். "மொதல்ல எது?" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. சென்னை என்றேன். "ஏன்?" என்றார். காய்ச்சிக் குடித்துக்கொள்வதாகச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வெளியே போனவர், வெகுநேரம் வாசலில் நின்ற ஆட்டோவைத் துடைத்தார். அது எங்கள் ஆட்டோகூட இல்லை.

பாவம், மைக் அணைக்காமல் இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் தெருவில் தலைகாட்ட மாட்டார். நான் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 6, புதன்

சென்னை! எலக்ட்ரானிக்ஸ்! கிடைத்துவிட்டது!

அக்டோபர் 12, செவ்வாய்

வேலைகள் திரும்ப வருகின்றன. முத்திருள் அண்ணனும் நானும் பெட்டிகளுக்குத் தூசி தட்டினோம். மனசு தாங்காமல் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்குக் குடோன்ல அப்பா பேசும்போது மைக் ஆன்ல இருந்தது உங்களுக்கும் தெரியலையா?"

"என்னைக்கு?"

"அந்தச் செவ்வாக்கிழமை. கதவச் சாத்தச் சொன்னாரே. டீ வாங்கப் போனீங்களே."

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"நான் எங்கத்தா வந்தேன்? ஞாயித்துக்கெழம ஊசி போட்டேன்ல, மூணு நாளு காச்சல். போர்வைய விட்டு எந்திரிக்கல. மறுநாளு எங்க வீட்டுக்காரிதான் வந்து சொன்னா, ஒங்க மொதலாளி ஒங்ககூட ஊருக்கே கேக்குற மாதிரி பேசுனாராம்னு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கப்பாவாவது மைக்க அணைக்காம விடுறதாவது!" என்றார்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்க் குடோன் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன்.

அக்டோபர் 29, வெள்ளி

நாளை ரயில். பெட்டி கட்டியாயிற்று. துணிப்பெட்டிதான், ஆனாலும் முத்திருள் அண்ணன் பழக்கதோஷத்தில் அதிலும் மஞ்சள் பெயின்டில் என் பெயரை எழுதிவிட்டார். அம்மா ஒரு பெரிய பாத்திரத்தைக் கொடுத்திருக்கிறாள், தண்ணீர் காய்ச்ச.

சாயங்காலம் அப்பா வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். முத்திருள் அண்ணன் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் குடோனுக்குள் போனேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கைக் கையில் எடுத்தேன். ஜன்னல் வழியாக அப்பா நன்றாகத் தெரிந்தார்.

"முத்திருளண்ணே, இங்கிட்டு வாங்க. கதவச் சாத்துங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் சொல்றத மட்டும் கேளுங்க."

அப்பாவின் கை டீ கிளாஸோடு அப்படியே நின்றது.

"எங்கப்பாகிட்ட எடது பக்கம் நின்னு பேசாதீங்க. விசில் வந்தா கையத் தூக்கணும், முடிய ஒதுக்குற மாதிரி. உங்களுக்கு முடி இல்ல, வழுக்கையத் தடவுற மாதிரி தூக்குங்க. அப்பறம், மதுரையில காது டாக்டர்கிட்ட அவரக் கூட்டிட்டுப் போங்க. நான் பொங்கலுக்கு வர்றப்ப காதுல மிஷின் இருக்கணும். ஊருக்கெல்லாம் ஆம்ப்ளி வைக்கிறவரு, தன் காதுல ஒரு குட்டி ஆம்ப்ளி வைக்க வெக்கப்படலாமா?"

செல்லத்தாய் அத்தை வாசலுக்கு வந்துவிட்டார். மிஷின் ஓடுவதாகப் பாசாங்கு செய்யக்கூட அவருக்கு நேரமில்லை. அப்பா மெதுவாகத் திரும்பி, வலது காதை மாடிக் குழாயின் பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"எனக்கு எங்கப்பாவ ரொம்பப் பிடிக்கும்ணே. அந்த ரூமுக்குள்ள போயி நான் மொதல்ல அவரு பேரத்தான் சொல்லுவேன். எதிரொலி வராட்டியும் பரவால்ல. போன் பண்ணுனா ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு, அதுவும் தெரியும். அதனால வாரத்துக்கு ஒரு நாளு மைக்குல பேசி, பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க. சரி, போயி டீ வாங்கிட்டு வாங்க."

அணைத்தேன். 'டக்'.

வெளியே வந்தேன். அப்பா கிளாஸைத் திண்ணையில் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றேன்.

"மைக்க அணைச்சியா?"

"அணைச்சுட்டேன்ப்பா."

"ம்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எக்கோ கொஞ்சம் சாஸ்தி. கொறச்சிருக்கலாம்."

"அடுத்த தடவ கொறச்சுடறேன்ப்பா."

இத்தோடு டைரியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த பக்கம் எனக்குக் கிடையாது. அப்பா ஏற்கெனவே எழுதிவிட்டார்: 'காதணி விழா. பாக்ஸ் ஆறு, குழாய் நாலு, சீரியல் செட்.' அதன்மேல் கோடு எதுவும் இல்லை. கீழே சின்னதாக இன்னொரு வரி: 'காலையில் ரயிலடி.'